சொந்த லேப்டாப்பில் கண்காணிப்பு மென்பொருள் போடச் சொல்கிறார்கள். ஃப்ரீலான்ஸ் ஆளிடம் இப்படிக் கேட்கலாமா?

செந்தூல்வாசி

எல்லோருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் ஒரு ஏஜென்சிக்குப் பள்ளிப் பயிற்சி நூல்களின் பக்க வடிவமைப்பு செய்து கொடுக்கிறேன். தமிழும் மலாயும். வேலை முழுக்க வீட்டிலிருந்துதான். நான் அவர்கள் ஊழியர் இல்லை. மாதக் கடைசியில் இன்வாய்ஸ் அனுப்புவேன், 2,800 வெள்ளி (ரிங்கிட்) வரும். இபிஎஃப் என்ற ஓய்வுக்காலச் சேமநிதி கிடையாது, சொக்சோ என்ற தொழிலாளர் காப்பீடு கிடையாது, காய்ச்சல் வந்து படுத்தால் எம்சி என்ற மருத்துவ விடுப்புப் பேச்சும் கிடையாது. லேப்டாப் என்னுடையது. இணையக் கட்டணம், மின்சாரம் எல்லாம் என் செலவு.

போன வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து ஃப்ரீலான்ஸ் ஆட்கள் எல்லோரும் ஒரு மென்பொருளை லேப்டாப்பில் போட வேண்டுமாம். காலை 9 மணியிலிருந்து மாலை 6 மணி வரை அது ஓட வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கும், எந்தச் செயலி எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று குறித்துக்கொள்ளும், கீபோர்டும் மவுசும் எவ்வளவு அசைந்தன என்று சதவீதம் போடும். அதோடு அவ்வப்போது வெப்கேமில் ஒரு படமும் எடுக்கும்.

என் வீடு இரண்டு அறை ஃபிளாட். ஹாலில்தான் மேசை. அம்மா என்னோடு இருக்கிறார், வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஆஸ்பத்திரித் தேதி, மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் இதே லேப்டாப்பில் திறந்திருக்கும் வாட்ஸ்அப்புக்குத்தான் வருகின்றன. கேமரா எடுக்கும் படத்தில் பின்னால் அம்மா நைட்டியோடு கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். அவர் எதற்காக யாரோ ஒருவருடைய திரையில் தெரிய வேண்டும்?

மூன்று வருடமாக ஒரு புத்தகம்கூடத் தாமதமாகக் கொடுத்ததில்லை. மறுத்தால் வேலை போகுமா, நம் நாட்டுச் சட்டம் இதைப் பற்றி ஏதாவது சொல்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹெட்செட்

அக்கா, நான் சைபர்ஜெயாவில் ஒரு அழைப்பு மையத்து ஆள். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், அதன் பிறகு வாரத்தில் பாதி நாள் வீடுதான். கண்காணிப்பு எங்களுக்குப் புதிதில்லை. அலுவலகத்திலேயே ஆக்ஸ், அதாவது இப்போது அழைப்பு எடுக்க முடியாது என்ற குறி, போட்டுவிட்டுத்தான் கழிவறைக்கு எழுந்து போக முடியும். ஒவ்வொரு அழைப்பும் பதிவாகும், ஒரு அழைப்புக்குச் சராசரியாக எத்தனை வினாடி என்று ஏஎச்டி கணக்கு வரும். அது அந்த வேலையோடு வந்தது, தெரிந்துதான் சேர்ந்தேன். லேப்டாப்பும் கம்பெனியுடையது, இபிஎஃப் கட்டுகிறார்கள்.

ஆனால் கேமரா வேறு. ஒரு டீம் லீடர் ஷிஃப்ட் முழுக்க வீடியோவைத் திறந்து வைக்கச் சொன்னார். பிரிக்ஃபீல்ட்ஸில் அப்போது அண்ணன் குடும்பத்தோடு இருந்தேன். அண்ணிக்குக் கைக்குழந்தை. வீட்டில் காற்றோட்டமான அறை அது ஒன்றுதான், நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அண்ணி அந்த அறைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். புழுக்கத்தில் குழந்தையோடு சமையலறையில் உட்கார்ந்திருப்பார். அவர் யாரிடம் சம்பளம் வாங்கினார்? எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார்? இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

மெர்தாஜாம் முதலாளி

எதிர்ப்பக்கத்து ஆள் பேசுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

புக்கிட் மெர்தாஜாமில் கணக்கு எழுதிக் கொடுக்கும் சின்ன நிறுவனம் என்னுடையது. ஆறு பேர், எல்லோரும் வீட்டிலிருந்து. அதில் ஒருவர் எனக்குத் தெரியாமல் இன்னொரு நிறுவனத்துக்கும் அதே நேரத்தில் முழுநேர வேலை செய்தார். என் வாடிக்கையாளரின் வரிக் கணக்கு தாமதமாகி எல்ஹெச்டிஎன் (வருமான வரி வாரியம்) அபராதம் போட்டது. அந்தப் பணத்தை நான்தான் கட்டினேன். அன்றிலிருந்து நேரக் கணிப்பு மென்பொருள் வைத்திருக்கிறேன்.

ஆனால் ஸ்கிரீன்ஷாட் வசதியை அணைத்து வைத்திருக்கிறேன், கேமரா என்ற பேச்சே இல்லை. எந்த வாடிக்கையாளருக்கு எத்தனை மணி நேரம் என்பது மட்டும் தெரிந்தால் எனக்குப் போதும், அதை வைத்துத்தான் பில் போடுகிறேன். லேப்டாப் ஆறும் நான் வாங்கிக் கொடுத்தவை. அவரவர் கணக்கு அவரவருக்கே தெரியும்.

அதனால் செந்தூல்வாசி சொல்லும் நிறுவனம் செய்வது எனக்கும் உவப்பாக இல்லை. அதற்காக முதலாளி எதையும் பார்க்கவே கூடாது என்று யாராவது எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். நேரத்துக்குப் பணம் வாங்குகிறவர் நேரத்துக்குக் கணக்குக் காட்டத்தான் வேண்டும்.

பாயான் பாரு ஐடி

சட்டம் தெரிந்தவர்கள் வருவார்கள். மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் பலருக்கு அது என்ன பார்க்கும் என்பதே தெரியாமல் இருக்கிறது.

ஸ்கிரீன்ஷாட் என்றால் வேலை செய்யும் ஜன்னலை மட்டும் எடுப்பதில்லை. பெரும்பாலும் முழுத் திரையையும் எடுக்கும். இரண்டாவது மானிட்டர் இருந்தால் அதையும் சேர்த்து. நீங்கள் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் நான்காம் ஆண்டுத் தமிழ்ப் பக்கத்தைச் சரி செய்துகொண்டிருக்கும்போது வலது மூலையில் வாட்ஸ்அப் அறிவிப்பு ஒன்று எட்டிப் பார்க்கும், அம்மாவின் ரத்தப் பரிசோதனையில் வந்த கிரியேட்டினின் அளவோடு. அந்த நொடியில் படம் எடுக்கப்பட்டால் அது அவர்கள் சர்வரில் போய் உட்கார்ந்துவிடும். வேண்டுமென்றே எடுத்ததில்லைதான். போனது போனதுதான்.

மேக் கணினியில் 2019இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து திரையைப் பதிவு செய்யும் எந்தச் செயலியும் முதலில் உங்கள் அனுமதி கேட்டாக வேண்டும். விண்டோஸில் சாதாரண டெஸ்க்டாப் செயலிக்கு அந்தத் தடை இல்லை. நிறுவும்போது ஒரு தடவை 'யெஸ்' அழுத்திவிட்டால் முடிந்தது. குரோமில் தனி புரொஃபைல் வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது பிரவுசருக்குள் மட்டும்தான், திரையைப் படம் எடுப்பதை அது தடுக்காது. விண்டோஸில் தனி யூசர் கணக்கு ஓரளவு உதவும், ஆனால் அட்மின் உரிமையோடு சர்வீசாக நிறுவப்பட்ட மென்பொருள் எல்லாக் கணக்கிலும் ஓடலாம். உண்மையான பிரிப்பு வேண்டுமென்றால் வேலைக்கென்று தனிக் கணினி. அதை யார் வாங்குவது என்பதுதான் நீங்கள் அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி.

அப்புறம் அந்தச் சதவீதம். சில மென்பொருள்களில் பத்து நிமிடத்தில் எத்தனை வினாடி கீபோர்டோ மவுசோ அசைந்தது என்பதை எண்ணி வகுத்து ஒரு சதவீதம் போடுவார்கள், வேறு சிலவற்றில் தட்டல்களின் எண்ணிக்கை. சிந்திப்பதும் படிப்பதும் அதில் பூஜ்யம்.

செந்தூல்வாசி

அந்தக் கடைசி விஷயத்தை நான் கேட்கவே மறந்துவிட்டேன். தமிழ்ப் பக்கத்தை நான் திரையில் மட்டும் பார்த்து முடிப்பதில்லை. அச்செடுத்து, சிவப்புப் பேனாவோடு ஒற்று விட்ட இடம், வரி உடைந்த இடம், 'ணை' 'னை' மாறிய இடம் எல்லாம் தாளில்தான் பிடிப்பேன். திரையில் கண்ணில் படாதது தாளில் பட்டுவிடும். ஒரு அத்தியாயத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். அந்த ஒரு மணி நேரமும் அவர்கள் கணக்கில் நான் சும்மா இருந்தேன் என்று வருமா?

பாயான் பாரு ஐடி

ஆமாம். அப்படித்தான் வரும்.

குட்டித்தூக்கம்

ஆன்லைனில் மவுஸைத் தானாக அசைக்கும் கருவி, மவுஸ் ஜிக்லர், இருபது முப்பது வெள்ளிக்குக் கிடைக்கிறது. வாங்கி வையுங்கள், பிரச்சினை தீர்ந்தது. அலுவலக அரட்டைச் செயலி டீம்ஸில் ஐந்து நிமிடம் கையை எடுத்தாலே நம் பெயர்ப் புள்ளி, ஆள் இல்லை என்று, மஞ்சள் ஆகிவிடுகிறது. என் ஆபீசில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள்.

பாயான் பாரு ஐடி

தயவுசெய்து வேண்டாம். அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2024இல் கீபோர்டு அசைவைப் போலியாக உண்டாக்கினார்கள் என்று ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டு அனுப்பியது. நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது எதிராளி கையில் நாமாகவே ஒரு காரணத்தைக் கொடுக்க வேண்டாம்.

ஆயர் ஈத்தாம் தனியாள்

பினாங்கிலிருந்து அப்வொர்க் என்ற ஃப்ரீலான்ஸ் வேலைத் தளம் வழியாக வெளிநாட்டு வேலை செய்கிறேன். அங்கே மணிக்கணக்கு வேலைக்கு டிராக்கர், அதாவது நேரத்தைப் பதிவு செய்யும் மென்பொருள், உண்டு. நேரத்தைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு நொடியில் ஒரு ஸ்கிரீன்ஷாட், கூடவே எத்தனை தட்டல், எத்தனை கிளிக் என்ற எண்ணிக்கை. எல்லாம் ஒர்க் டைரியில் போய்ச் சேரும்.

இதை நான் வெறுக்கவில்லை, காரணம் சொல்கிறேன். முதலாவது, டிராக்கரை நான்தான் தொடங்குகிறேன், நான்தான் நிறுத்துகிறேன். இரண்டு மணிக்கு மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரப் போகும்போது நிறுத்திவிட்டுப் போவேன், கேட்பாரில்லை. இரண்டாவது, தவறி ஒரு சொந்தப் படம் விழுந்துவிட்டால் நானே அழிக்கலாம், அந்தப் பத்து நிமிடக் காசு மட்டும் போகும். மூன்றாவது, வாடிக்கையாளர் பணம் தர மறுத்தால் அந்த டைரிதான் எனக்குச் சாட்சி. டிராக்கரில் ஒழுங்காகப் பதிவான மணி நேரத்துக்குத் தளம் பாதுகாப்புக் கொடுக்கிறது. டிராக்கரே வேண்டாம் என்றால் மொத்த விலை பேசும் வேலையை எடுத்துக்கொள்ளலாம், அங்கே பணம் முன்கூட்டியே எஸ்க்ரோவில், அதாவது வேலை முடியும்வரை தளத்தின் பொறுப்பில், போய் உட்காரும்.

ஆக எனக்குக் கிடைப்பதற்கும் உங்களிடம் கேட்பதற்கும் நிறைய வித்தியாசம். உங்களுக்கு மாதம் ஒரே தொகை. மணிக்கணக்கே இல்லாத வேலைக்கு மணிக்கணக்குக் கருவி எதற்கு? பதிவை அழிக்கும் உரிமை உங்களிடம் இருக்குமா? அதைப் பார்த்து உங்களுக்கு ஒரு வெள்ளியாவது கூடுமா? கேட்டுப் பாருங்கள்.

வழக்குக்கட்டு

கோலாலம்பூரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் ஒப்பந்தத்தைப் பார்த்துச் சொன்ன ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் தரவுப் பக்கம். நம்மிடம் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, எல்லோரும் பிடிபிஏ என்பது இதைத்தான். 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வணிகப் பரிவர்த்தனைக்குள் வரும் தனிநபர் தரவுக்கு இது பொருந்தும். சேவை கொடுப்பதும் வாங்குவதும் வணிகப் பரிவர்த்தனைதான், அதனால் இன்வாய்ஸ் போடும் ஆள் இந்தச் சட்டத்துக்குள் நன்றாகவே வருகிறார். 6ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், தரவு எடுப்பதற்கு ஒரு சட்டபூர்வமான நோக்கம் இருக்க வேண்டும், அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவு மட்டும் எடுக்க வேண்டும், மிகையாகப் போகக் கூடாது. புத்தகப் பக்கம் வந்து சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள உங்கள் ஹாலின் படம் தேவையா என்று அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

7ஆம் பிரிவின்படி என்ன எடுக்கிறோம், எதற்கு, யாருக்குக் கொடுப்போம், நீங்கள் எப்படிப் பார்க்கலாம் என்று எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும். அந்த மின்னஞ்சலில் இது இருந்ததா என்று பாருங்கள். உடல்நலத் தகவல் என்றால் இன்னும் கண்டிப்பு. அது 40ஆம் பிரிவில் வரும் நுண்ணிய தரவு, வெளிப்படையான சம்மதம் வேண்டும். உங்கள் அம்மாவின் பரிசோதனை முடிவுக்கு நீங்கள் சம்மதித்தால் போதுமா? அவர் தனி மனிதர், சம்மதம் அவருடையது.

2024இல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். கொள்கைகளை மீறினால் முன்பு 3 லட்சம் வெள்ளி வரை இருந்த அபராதம் இப்போது 10 லட்சம் வரை. விரல்ரேகை, முகம் போன்ற பயோமெட்ரிக் தரவும் நுண்ணிய தரவில் சேர்ந்துவிட்டது. 2025 ஜூன் 1 முதல் தரவு கசிந்தால் அறிவிக்க வேண்டிய கடமையும் உண்டு.

இனி எனக்கு முக்கியமாகப் படுவது. உங்களை ஃப்ரீலான்சர் என்று அழைக்கிறார்கள். ஆனால் 9 முதல் 6 வரை திரை முன்னால் இருக்கச் சொல்கிறார்கள், எப்படி வேலை செய்கிறீர்கள் என்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கப் போகிறார்கள், மாதாமாதம் ஒரே தொகை கொடுக்கிறார்கள், உங்கள் வருமானத்தில் பெரும்பங்கு அவர்களிடமிருந்து வருகிறது. 1955 வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் 101சி என்று ஒரு பிரிவு வந்திருக்கிறது. எழுத்தில் ஊழியர் ஒப்பந்தம் இல்லாத நிலையில் ஒருவரை ஊழியர் என்று அனுமானிப்பதற்கு அது சொல்லும் அடையாளங்கள் ஏறக்குறைய இவைதான்: வேலை செய்யும் முறை இன்னொருவர் கட்டுப்பாட்டில் இருப்பது, வேலை நேரம் இன்னொருவர் கட்டுப்பாட்டில் இருப்பது, கருவிகளை அவர்கள் கொடுப்பது, வேலை அவர்கள் தொழிலின் முக்கிய அங்கமாக இருப்பது, அவர்களுடைய நன்மைக்காக மட்டுமே செய்வது, குறித்த இடைவெளியில் பணம் வந்து அதுவே வருமானத்தில் பெரும்பகுதியாக இருப்பது. இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் பொறுப்பு.

அந்தப் பிரிவு அந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்ற வழக்குகளுக்கு எழுதப்பட்டது, எல்லா இடத்திலும் அப்படியே தூக்கிப் போட முடியாது. இருந்தாலும் ஒப்பந்தத்தின் தலைப்பை விட்டுவிட்டு உண்மையில் யார் யாரைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்று பார்ப்பது நம் நீதிமன்றங்களுக்குப் பழக்கமானதுதான். அவர்கள் நிறுவச் சொல்லும் மென்பொருளே அந்தக் கட்டுப்பாட்டைத் தேதியோடும் மணியோடும் பதிவு செய்யப் போகிறது.

பிறை பழையவர்

வழக்குக்கட்டு சொன்ன கடைசிப் பத்தியை எல்லோரும் இரண்டு தடவை படியுங்கள். பிறையில் ஆலையில் இருந்தவன் நான், தொழிற்சங்க வேலை பார்த்தவன். ஆலையில் பஞ்ச் கார்டு இருந்தது, மேற்பார்வையாளர் இருந்தார். எங்கள் நேரம் முதலாளியுடையது என்பதால்தான் ஓவர்டைம் கேட்டோம், விடுப்புக் கேட்டோம், இபிஎஃப் கேட்டோம். கட்டுப்பாடும் பொறுப்பும் சேர்ந்து வந்தது. இப்போது கட்டுப்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பொறுப்பை உங்கள் தலையில் வைக்கிறார்கள்.

கணக்கைப் பாரம்மா. ஐயாயிரம் வெள்ளிக்குள் சம்பளம் வாங்கும் ஊழியருக்கு முதலாளி 13 விழுக்காடு இபிஎஃப் கட்ட வேண்டும். 2,800க்கு அது மாதம் 364 வெள்ளி. மூன்று வருடமாக வேலை செய்கிறாய் என்கிறாய். 36 மாதத்துக்கு 13,104 வெள்ளி. டிவிடெண்டைக் கணக்கில் சேர்க்காமல் இவ்வளவு. உன்னை ஊழியர் என்று நடத்தியிருந்தால் உன் பெயரில் இருந்திருக்க வேண்டிய பணம்.

கிக் தொழிலாளர் (தனித்தனி வேலையாக எடுத்துச் செய்பவர்கள்) மசோதா 2025 ஆகஸ்ட் 28 அன்று மக்களவையில் நிறைவேறியது. சாப்பாடு கொண்டுபோகும் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதே, உன் வகை வேலை அதில் வருகிறதா என்று விசாரித்துப் பார்.

மெர்தாஜாம் முதலாளி

பழையவர் ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இழை ஒரே பக்கம் சாய்கிறது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் 2023 ஜனவரியில் ஒரு தீர்ப்பு வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்த ஒரு கணக்கர் தன்னை நியாயமில்லாமல் நீக்கிவிட்டார்கள் என்று போனார். நிறுவனம் டிராக்கர் பதிவைக் காட்டியது. ஐம்பது மணி நேரத்துக்கு மேல் வேலையில்லாமல் மணிக்கணக்கு எழுதியிருந்தார் என்று தெரிந்து, பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னது தீர்ப்பாயம். கண்காணிப்பே இல்லையென்றால் அந்த நிறுவனம் என்ன செய்திருக்கும்?

வழக்குக்கட்டு

அந்த வழக்கு எனக்கும் தெரியும். அதில் லேப்டாப் நிறுவனத்துடையது, மென்பொருள் இருப்பது ஊழியருக்குச் சொல்லப்பட்டிருந்தது, அவர் தன் வேலை நேரத்தைத் தானே எழுதிக் கொடுத்தவர். ஏறக்குறைய நீங்கள் உங்கள் ஆறு பேருக்கும் வைத்திருக்கும் ஏற்பாடு.

மறுபக்கமும் தீர்ப்பு இருக்கிறது. நெதர்லாந்தில் டில்பர்க் நகர நீதிமன்றம் 2022இல் ஒரு வழக்கைப் பார்த்தது. ஃபுளோரிடாவில் தலைமையகம் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனம், வீட்டிலிருந்து வேலை செய்த ஒருவரை நாள் முழுக்கக் கேமராவைத் திறந்து வைக்கச் சொல்லி, அவர் மறுத்ததும் நீக்கிவிட்டது. திரையைப் பகிர்ந்துதான் வைத்திருக்கிறேன், முகத்தையும் எதற்குக் கேட்கிறீர்கள் என்பது அவர் வாதம். ஏறத்தாழ 75,000 யூரோ கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். பிரான்சில் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 டிசம்பரில் ஒரு வீட்டுமனை நிறுவனத்துக்கு 40,000 யூரோ அபராதம் போட்டது. சில நிமிடம் கீபோர்டு அசையாமல் இருந்தால் வேலை செய்யவில்லை என்று கணக்கிட்டதும், தொடர்ந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்ததும் காரணங்கள். செந்தூல்வாசியின் சிவப்புப் பேனாவை நினைத்துக்கொண்டேன்.

இவை எதுவும் மலேசிய நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. நியாயமான அளவு எது என்று மற்றவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்குச் சொல்கிறேன்.

பாயான் பாரு ஐடி

கசிவு பற்றி ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வொர்க்கம்போசர் என்ற கண்காணிப்புச் செயலி எடுத்த 2 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்கிரீன்ஷாட்டுகள் பாதுகாப்பில்லாத அமேசான் சேமிப்பில் திறந்து கிடந்ததை 2025 ஏப்ரலில் சைபர்நியூஸ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மின்னஞ்சல், உள் உரையாடல், பாஸ்வேர்டு, எது திரையில் இருந்ததோ அதெல்லாம். உங்கள் ஏஜென்சி நல்லவர்களாகவே இருக்கலாம். படங்கள் போய்ச் சேரும் இடம் அவர்கள் கையில் இல்லை.

ஹெட்செட்

அக்கா, வேலை போய்விடுமோ என்ற பயத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பயம் இருக்கத்தான் செய்யும், அம்மாவின் சிகிச்சைச் செலவு வேறு இருக்கிறது. நிதானமாக எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் பேச வேண்டாம்.

செந்தூல்வாசி

எல்லோருக்கும் நன்றி. உண்மையைச் சொன்னால் பழையவர் ஐயாவின் கணக்கைப் பார்த்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆனால் இப்போதே தொழிலாளர் இலாகாவுக்குப் போகும் நிலையில் நான் இல்லை. மாதம் 2,800 நின்றுவிட்டால் வீட்டு வாடகைக்கே வழி இல்லை. சண்டை போடாமல் எப்படிக் கேட்பது?

வழக்குக்கட்டு

சண்டை போட வேண்டியதில்லை. குறை சொல்லும் தொனியே இல்லாமல் கேள்வியாக எழுதுங்கள். எந்தத் தரவு எடுக்கப்படும், எதற்கு, எங்கே சேமிக்கப்படும், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யார் பார்ப்பார்கள். பிடிபிஏ அறிவிப்பின் நகல் கேளுங்கள். கேமராப் படத்தில் மூன்றாவது மனிதர்கள் வருவார்கள், அவர்கள் சம்மதிக்கவில்லை என்று ஒரு வரி. உங்கள் வேலை பக்கங்களை முடித்துக் கொடுக்க ஒப்புக்கொண்ட வேலை, மணிக்கணக்குக்கு இல்லை என்று ஒரு வரி. கடைசியாக, வேலை நேரத்தை 9 முதல் 6 என்று நிர்ணயிப்பதால் என் ஒப்பந்தம் ஊழியர் ஒப்பந்தமாக மாறுகிறதா, அப்படியானால் இபிஎஃப், சொக்சோ எந்தத் தேதியிலிருந்து என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைப் படித்ததும் அவர்களே தங்கள் வழக்கறிஞரைக் கூப்பிடுவார்கள்.

மெர்தாஜாம் முதலாளி

ஒரு முதலாளியாகச் சொல்கிறேன், கேள்வியோடு ஒரு மாற்று ஏற்பாட்டையும் சேர்த்து எழுதுங்கள். "வாரம் ஒரு முறை முடித்த பக்கங்களின் பட்டியலையும் பிடிஎஃப்பையும் அனுப்புகிறேன், தினமும் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை கூப்பிட்டால் எடுப்பேன்" என்பது போல. பெரும்பாலான முதலாளிகளுக்கு உங்கள் முகத்தைப் பார்க்க ஆசை இல்லை. வேலை எங்கே நிற்கிறது என்று தெரியாத பதற்றம்தான். அந்தப் பதற்றத்துக்கு மருந்து கிடைத்தால் மென்பொருள் விற்கிறவன் பேச்சு எடுபடாது. கிடைத்த பிறகும் கேமராதான் வேண்டும் என்று நின்றால், அவர்களுக்கு வேண்டியது வேறு ஏதோ.

ஆயர் ஈத்தாம் தனியாள்

கூடவே இன்னும் ஒரு வாடிக்கையாளரையாவது பிடியுங்கள். மாதம் ஐந்நூறு வெள்ளி வேறு இடத்திலிருந்து வந்தால்கூடக் கடிதம் எழுதும் கை நடுங்காது. தமிழ்ப் பக்க வடிவமைப்பு தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் நம் நாட்டில்? எனக்குத் தெரிந்த ஒரு பதிப்பகம் ஆள் தேடுகிறது, தனிச்செய்தியில் விவரம் அனுப்புகிறேன்.

செந்தூல்வாசி

கடிதம் அனுப்பினேன். அதற்குப் பதில் வந்துவிட்டது.

கேமரா எல்லோருக்கும் நீக்கப்பட்டுவிட்டது. என் வரை ஸ்கிரீன்ஷாட்டும் இல்லை, 9 முதல் 6 என்ற நிபந்தனையும் இல்லை. முதலாளி அண்ணன் சொன்ன மாதிரி வாராந்திரப் பட்டியலுக்கு ஒத்துக்கொண்டார்கள். பிடிபிஏ அறிவிப்பு பற்றி "தயாரிப்பில் உள்ளது" என்று மட்டும் சொன்னார்கள். இபிஎஃப் கேள்விக்கு ஒரு வரிகூடப் பதில் இல்லை, அதைத் தொடாமலே விட்டுவிட்டார்கள். பழையவர் ஐயா, அந்தக் கணக்கை நான் மறக்கவில்லை. இன்வாய்ஸ், மின்னஞ்சல் எல்லாவற்றையும் தேதி வாரியாகச் சேர்த்து வைக்கத் தொடங்கிவிட்டேன். பதிப்பகத்தோடும் பேசிவிட்டேன், அடுத்த வாரம் மாதிரிப் பக்கம் கொடுக்கிறேன்.

மனதை உறுத்துவது ஒன்று. என்னோடு வேலை செய்யும் வேறு இரண்டு பேர் மின்னஞ்சல் வந்த அன்றே நிறுவிவிட்டார்கள். அவர்களுக்கு ஸ்கிரீன்ஷாட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்டவருக்கு மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள்.

கெப்போங் வடிவமைப்பாளர்

அந்த இரண்டு பேரில் நான் ஒருத்தி. அக்கா சொல்லித்தான் இந்த இழைக்கு வந்தேன். கணவரின் வங்கிப் பக்கம் திறந்திருந்தபோது ஒரு படம் எடுத்திருக்கிறது, டாஷ்போர்டில் நானே பார்த்தேன். ஏற்கெனவே சம்மதம் கொடுத்துவிட்டேன். இனி என்ன செய்ய முடியும்?

வழக்குக்கட்டு

கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், 38ஆம் பிரிவு. எழுத்தில் கொடுத்தால் போதும், கிடைத்ததும் அவர்கள் நிறுத்த வேண்டும். சொல்லாமல் நீங்களாக மென்பொருளை அழித்துவிடாதீர்கள், முதலில் கடிதம், பிறகு நீக்கம்.

அதே கடிதத்தில் 30ஆம் பிரிவின் கீழ் உங்களைப் பற்றி எடுத்து வைத்திருக்கும் தரவின் நகலையும் கேளுங்கள், ஸ்கிரீன்ஷாட்டுகள் உட்பட. சிறு கட்டணம் கேட்கலாம். அந்தப் பதிவு உங்களுக்கும் பயன்படும், எந்த மணியிலிருந்து எந்த மணி வரை உங்களை உட்கார வைத்தார்கள் என்று அதில் இருக்கும். வங்கிப் பக்கம் விழுந்த படத்தின் தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு அதை அழிக்கச் சொல்லுங்கள், ஆனால் நகல் உங்கள் கைக்கு வந்த பிறகு. கணவரிடம் சொல்லி வங்கிப் பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

மின்னஞ்சலில் அனுப்பி, கிடைத்தது என்று பதில் வாங்கி வையுங்கள். நகல் கொடுக்க அவர்களுக்கு 21 நாள் அவகாசம், கடிதம் அவர்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து.

கெப்போங் வடிவமைப்பாளர்

சரி. இன்று மாலையே எழுதி அனுப்புகிறேன். இன்னொருவரிடமும் பேசிவிட்டேன், அவரும் அனுப்புகிறார்.